கையெழுத்துக்கு முன் கடப்பாரை வேண்டாம்: டெக்சாஸ் மேய்ச்சல் நிலக் கேள்விகள்

இந்த முறை வந்த கடிதங்களில் முக்கால்வாசி, டாலஸ், ஆஸ்டின் பக்கம் கம்ப்யூட்டர் வேலையில் இருந்துகொண்டு டெக்சாஸின் மேட்டுப் பகுதியான ஹில் கண்ட்ரியில் நிலம் வாங்கிப் போட்டவர்களுடையது. ஆடு மாடு விஷயம் என்பதால் எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் கடிதம் எழுதும்போது எத்தனை ஏக்கர், எந்தக் கவுன்டி என்றாவது எழுதுங்கள், ஜோசியம் எனக்குத் தெரியாது.

வேலி போட்டு முடித்துவிட்டோம், 18,000 டாலர் ஆயிற்று. ஈக்விப் என்ற மத்திய அரசு மானியத் திட்டத்தில் எவ்வளவு திரும்பக் கிடைக்கும்?

ஒரு டாலர்கூடக் கிடைக்காது. ரசீதுகளை அழகாக ஸ்கேன் செய்து எனக்கு அனுப்பியிருக்கிறீர்கள், நான் என்ன செய்ய? ஒப்பந்தத்தில் நீங்களும், திட்டத்தை நடத்தும் என்ஆர்சிஎஸ் என்ற மத்திய அரசு மண் பாதுகாப்பு அலுவலகமும் கையெழுத்துப் போட்ட பிறகுதான் முதல் குழியே தோண்ட வேண்டும். அவசரம் என்றால் எழுத்தில் விலக்கு கேட்கலாம், அதையும் வேலை தொடங்கும் முன்பே கேட்க வேண்டும். இதை நான் எழுதுவது எத்தனையாவது தடவை என்று எண்ணுவதை விட்டுவிட்டேன்.

நாங்கள் ஆசியர்கள். கூடுதல் சதவீதம் உண்டாமே?

இருந்தது. இனம், பாலினம் பார்த்துத் தரும் முன்னுரிமையை 2025 ஜூலையில் நிறுத்திவிட்டார்கள். ஆனால் விவசாயத்துக்கு வந்து 10 ஆண்டு ஆகவில்லை என்றால் நீங்கள் 'புதிய விவசாயி'. மற்றவர்களுக்குச் செலவில் 75 சதவீதம் வரை என்றால் உங்களுக்கு 90 வரை போகும், பாதியை முன்பணமாகவும் கேட்கலாம். அதைக் கேளுங்கள்.

எச்-1பி விசாவில் இருக்கிறேன், 40 ஏக்கர் வாங்கி ஒரு வருடம் ஆகிறது. மானியத்துக்கு விண்ணப்பிக்கலாமா?

மானியம் இருக்கட்டும். நிலம் வாங்கியதை மத்திய அரசிடம் தெரிவித்தீர்களா? 1978 சட்டப்படி, கிரீன் கார்டு இல்லாத வெளிநாட்டவர் விவசாய நிலம் வாங்கினால் 90 நாளுக்குள் எஃப்எஸ்ஏ என்ற மத்திய விவசாய அலுவலகத்தில் எஃப்எஸ்ஏ-153 படிவம் கொடுக்க வேண்டும். 10 ஏக்கருக்குள், வருமானமும் ஆயிரம் டாலருக்குள் என்றால் தப்பிக்கலாம், உங்களுடையது 40. அபராதம் நில மதிப்பில் 25 சதவீதம் வரை போகும். நாளைக்கே அந்த அலுவலகத்துக்குப் போங்கள். மானியப் பேச்சு அப்புறம்.

கயோட்டி (இங்கத்திய நரி மாதிரி) ஏழு ஆட்டுக்குட்டிகளைத் தின்றுவிட்டது. அரசு ஈடு தருமா?

கயோட்டிக்கு இல்லை. மத்திய அரசு காட்டில் கொண்டுவந்து விட்ட அல்லது சட்டத்தால் காக்கிற விலங்கு அடித்தால்தான் கால்நடை இழப்பீடு. கருங்கழுகு (பிணம் தின்னும் பிளாக் வல்ச்சர்) அப்படிக் காக்கப்படும் பறவை, ஈன்றுகொண்டிருக்கும் ஆட்டின் குட்டியை வந்து கண்ணிலேயே கொத்தும். அப்படி நடந்தால் உடனே போட்டோ எடுங்கள், பக்கத்து நிலத்துக்காரரைக் கூப்பிட்டுக் காட்டுங்கள், அவரது சாட்சி வேண்டியிருக்கும். முதலில் எத்தனை ஆடு இருந்தது என்ற கணக்கு நோட்டில் இல்லாவிட்டால் எதுவும் நிற்காது.

30 ஏக்கர், 60 ஆடு. புல்லே இல்லை, சீடர் மரம்தான் மண்டுகிறது. மரம் வெட்டப் பணம் வாங்கினால் புல் வந்துவிடுமா?

வராது. இந்த மாதிரிக் கடிதம் வந்தால் எனக்குக் காப்பி ஆறிப்போகும். ஹில் கண்ட்ரி இருக்கும் எட்வர்ட்ஸ் பீடபூமியின் சுண்ணாம்புக் கல் மண்ணில் ஒரு மாட்டுக்கு 20, 25 ஏக்கர் வேண்டும். ஒரு மாட்டுக்கு ஏறக்குறைய ஆறு ஆடு என்று வையுங்கள். உங்கள் 30 ஏக்கர் எட்டு ஆட்டைத் தாங்கும். ஆடு தழையும் தின்னும் என்று தாராளமாகப் போட்டாலும் பன்னிரண்டு. நீங்கள் 60 விட்டிருக்கிறீர்கள்! ஓக் மரங்களைப் போய்ப் பாருங்கள், ஆடு பின்னங்காலில் நின்றால் எட்டுகிற உயரம் வரை கத்தரித்தாற்போல ஓர் இலைகூட இருக்காது. நிலம் பட்டினி கிடப்பதற்கு அதுதான் அடையாளம்.

இது உங்கள் ஒருவர் தவறு இல்லை. மொஹேர் என்ற அங்கோரா ஆட்டு ரோமத்துக்கு 1954-இல் கொண்டுவந்த ஊக்கத்தொகை 1995 வரை ஓடியது. கம்பளிக்கு ஏற்பக் காசு வந்தால் யார் ஆட்டைக் குறைப்பார்கள்? அந்தக் காலத்து மேய்ச்சலின் காயம் இன்னும் ஆறவில்லை. மண் பாதுகாப்புத் துறையே 1935-இல், புழுதிப் புயல் வாஷிங்டன் வரை பறந்து போன பிறகு பிறந்ததுதான். அந்தத் துறையின் இன்றைய பெயர்தான் என்ஆர்சிஎஸ்.

பணம் வாங்கி மரத்தை வெட்டினால் வெளிச்சம் கிடைக்கும், முளைப்பும் வரும். 60 ஆடும் அதை ஒரே மாதத்தில் மேய்ந்துவிடும். அதனால்தான் மரம் வெட்டும் ஒப்பந்தத்தோடு மேய்ச்சல் திட்டமும் வைத்து, கொஞ்ச காலம் ஆட்டை வெளியே நிறுத்தச் சொல்கிறார்கள். ஒப்பந்தத்தை மீறினால் கொடுத்த பணத்தைத் திருப்பிக் கேட்பார்கள். என் பேச்சை நம்ப வேண்டாம், கோழிக்கூண்டு அளவுக்கு வலை அடித்து நாலு இடத்தில் வையுங்கள், ஒரு மழைக்குப் பிறகு உள்ளே என்ன முளைத்திருக்கிறது, வெளியே என்ன இருக்கிறது என்று பாருங்கள். பாதியைத் தின்ன விடு, பாதியை நிலத்துக்கு விடு என்பது இங்கே பழைய கணக்கு. முதலில் ஆட்டைக் குறையுங்கள், மானியத்துக்குப் பிறகு போகலாம். (மெஸ்கீட் முளைத்தால் மட்டும் ஆச்சரியப்படாதீர்கள், நம் ஊர் சீமைக்கருவேலத்தின் பங்காளிதான் அது.)

விண்ணப்பம் எழுதித்தர ஒரு ஆலோசகர் 1,500 டாலர் கேட்கிறார்.

விண்ணப்பம் இலவசம். கவுன்டி அலுவலகத்தில் உட்கார வைத்து எழுதித் தருவார்கள்.

விவசாய வரிச்சலுகை இருக்கிறதே, அப்படியானால் எங்கள் பெயர் மத்திய அரசில் பதிவாகியிருக்கும்தானே?

அது வேறு, இது வேறு. நிலவரியைக் குறைப்பது கவுன்டி மதிப்பீட்டு அலுவலகம், அவர்களுக்கும் என்ஆர்சிஎஸ்ஸுக்கும் தொடர்பு கிடையாது. மத்திய அரசுப் பணத்துக்கு எஃப்எஸ்ஏ-வில் பண்ணை எண் வாங்க வேண்டும், மண் அரிப்பு, சதுப்பு நில விதிகளை மீற மாட்டேன் என்று ஏடி-1026 படிவம் கொடுக்க வேண்டும், வருமானப் படிவமும் கொடுக்க வேண்டும். சராசரி வருமானம் 9 லட்சம் டாலரைத் தாண்டினால் பொதுவாகக் கதவு மூடிவிடும். நிலத்தைப் பிளாட் போட்டு விற்கும் எண்ணம் இருந்தால் வரிச்சலுகையை மூன்று வருடத்துக்குப் பின்னோக்கிக் கணக்கிட்டுப் பிடுங்குவார்கள், அதையும் மனதில் வையுங்கள்.

வறட்சியில் என் புல் கருகிவிட்டது. உதவி எப்போது வரும்?

உங்கள் புல்லை யாரும் வந்து பார்ப்பதில்லை, வரைபடத்தைத்தான் பார்ப்பார்கள். வியாழக்கிழமைதோறும் வெளியாகும் வறட்சி வரைபடத்தில் உங்கள் கவுன்டி, மேய்ச்சல் காலத்தில் கடும் வறட்சியைக் காட்டும் டி3 நிறத்துக்குப் போய்விட்டால் தீவன உதவிக்குக் கேட்கலாம். ஆனால் ஏக்கர் கணக்கை முன்பே எஃப்எஸ்ஏ-வில் கொடுத்திருக்க வேண்டும். கொடுக்கவில்லை என்றால் இந்த வாரமே போங்கள். போகிற வழியில் வேலிக்குக் குழி மட்டும் தோண்டிவிடாதீர்கள்.