57-வது விநாடியில் கோல் வாங்கிய கோல்கீப்பர்

கேள்வி: என் மகனுக்கு 14 வயது. பள்ளி கால்பந்து அணியில் கோல்கீப்பர். எதிரணி முதல் கோல் போட்டுவிட்டால் அத்தோடு இவர்கள் கதை முடிந்தது. கூட ஆடும் பையன்கள் இவனைப் பார்த்துக் கத்துகிறார்கள், இவன் தலையைத் தொங்கப் போட்டுவிடுகிறான், அடுத்த பத்து நிமிடத்துக்குள் இன்னும் இரண்டு விழுந்துவிடுகிறது. 2018 உலகக் கோப்பையில் குரோஷியா ஒவ்வொரு ஆட்டத்திலும் முதலில் கோல் வாங்கிவிட்டு ஜெயித்ததே, அந்த மன உறுதி பிறவியிலேயே வருவதா? என் மகனிடம் நான் என்ன சொல்ல? ஆத்திரத்தில் சில நேரம் நானும் கோட்டுக்கு வெளியே நின்று கத்திவிடுகிறேன்.
— ஒரு வாசகர், கன்னியாகுமரி மாவட்டம்

பதில்: நீங்களும் கத்துவதை மறைக்காமல் எழுதியிருக்கிறீர்கள். அதனால் நானும் ஒளிக்காமல் எழுதுகிறேன்.

முதலில் ஒரு திருத்தம். குரோஷியா எல்லா ஆட்டத்திலும் பின்தங்கவில்லை. குரூப் சுற்றில் நைஜீரியா, அர்ஜென்டினா, ஐஸ்லாந்து மூன்று அணிகளுக்கு எதிராகவும் முதல் கோல் அவர்களுடையதுதான். தோற்றால் வெளியேற வேண்டிய நாக் அவுட் சுற்று தொடங்கிய பிறகுதான் டென்மார்க், ரஷ்யா, இங்கிலாந்து என்று வரிசையாக மூன்று ஆட்டங்களில் முதலில் கோல் வாங்கினார்கள். அதிலும் டென்மார்க்கையும் ரஷ்யாவையும், கூடுதல் நேரமும் சமனில் முடிந்து ஆளுக்கொரு பெனால்டியாக அடிக்கும் ஷூட் அவுட்டில்தான் தாண்டினார்கள். கணக்குப் புத்தகத்தில் அவை டிரா. பின்தங்கி, ஆட்டத்துக்குள்ளேயே திருப்பி அடித்து ஜெயித்தது மாஸ்கோவில் நடந்த அரையிறுதி மட்டும்தான்.

அந்த அரையிறுதியைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம். உங்கள் கேள்விக்கான விடை அதில்தான் இருக்கிறது. 5-வது நிமிடத்தில் இங்கிலாந்தின் ட்ரிப்பியர் ஃப்ரீ கிக்கில் கோல் போட்டார். குரோஷியாவின் பெரிசிச் அதைச் சமன் செய்தது 68-வது நிமிடத்தில். நடுவில் 63 நிமிடம். அந்த 63 நிமிடமும் குரோஷியா 0-1 என்றே ஆடியது. இடைவேளை வரை இங்கிலாந்தின் கைதான் ஓங்கியிருந்தது. ஹாரி கேனுக்கு கோலுக்கு மிக அருகிலேயே வாய்ப்பு வந்து தப்பிப் போனது. ஆனாலும் இரண்டாவது கோல் விழவில்லை. பதறிப்போய் எல்லோரும் முன்னால் ஓடி, பின்பக்கத்தைத் திறந்து போட்டிருந்தால் அன்றைக்கே மூட்டை கட்டியிருப்பார்கள். இரண்டாம் பாதியில் பந்தை இரு ஓரங்களுக்கும் கொண்டுபோனார்கள். வலது ஓரத்திலிருந்து வர்சால்கோ கிராஸ் கொடுத்தார், பெரிசிச் காலை நீட்டித் தட்டிவிட்டார். கூடுதல் நேரத்தில், 109-வது நிமிடத்தில், மாண்ட்சுகிச்சின் கோல். பயிற்சியாளர் டாலிச் முதல் மாற்று வீரரை இறக்கியதே 90 நிமிடம் முடிந்த பிறகுதான்.

திருப்பி அடிப்பது என்றாலே ஆவேசம் என்று நினைக்கிறோம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. இரண்டாவது கோலை வாங்காமல் இருப்பதுதான் அதில் முக்கால் பங்கு. உங்கள் மகனின் அணி தோற்பது முதல் கோலால் இல்லை, அதற்கடுத்த பத்து நிமிடத்தால்.

அந்தப் பத்து நிமிடம் ஏன் கெடுகிறது? யார் செய்த தப்பு என்று தேடுவதால். ட்ரிப்பியரின் ஃப்ரீ கிக்குக்குக் காரணமான ஃபவுலைச் செய்தவர் யார் தெரியுமா? கேப்டன் லூகா மோட்ரிச். அவர்தான் அந்தப் போட்டித் தொடரின் சிறந்த வீரருக்கான தங்கப் பந்தை வாங்கினார். டென்மார்க்குக்கு எதிராகக் கூடுதல் நேரம் முடியும் தறுவாயில் ஒரு பெனால்டி கிடைத்தபோதும் அடித்தவர் அவர்தான், டென்மார்க் கோல்கீப்பர் ஷ்மைக்கல் பிடித்துவிட்டார். சில நிமிடங்களில் ஷூட் அவுட். அதே மோட்ரிச் அதே ஷ்மைக்கல் முன்னால் மறுபடி போய் நின்று அடித்தார், பந்து வலைக்குள் போனது. தப்பு செய்தவர் ஓரமாக ஒதுங்கவில்லை. அணியும் அவரை ஒதுக்கவில்லை.

உங்கள் மகனுக்கு நான் முக்கியமாகச் சொல்ல விரும்புவது குரோஷியாவின் கோல்கீப்பர் டானியேல் சுபாசிச்சைப் பற்றி. 2018 ஜூலை 1, நிஸ்னி நோவ்கோரட். ஆட்டம் தொடங்கி 57 விநாடிதான் ஆகியிருக்கும். நீளமான ஒரு த்ரோ, கோல் முன்னால் நெரிசல், டென்மார்க்கின் யோர்கன்சன் அடித்த பந்து அப்படியொன்றும் வேகமானதில்லை. சுபாசிச் மேல் பட்டும் உள்ளே போய்விட்டது. எந்த கோல்கீப்பருக்கும் நெஞ்சில் முள்ளாகக் குத்தும் கோல் அது. 4-வது நிமிடத்தில் மாண்ட்சுகிச் சமன் செய்தார். அன்றிரவு ஷூட் அவுட்டில் அதே சுபாசிச் மூன்று பெனால்டிகளைத் தடுத்தார். ஆட்டம் முடிந்ததும் அவர் ஜெர்சிக்குள்ளிருந்து தெரிந்தது, 2008-இல் மைதானத்தில் அடிபட்டு இறந்துபோன நண்பர் ஹர்வோயே சுஸ்டிச்சின் படம் போட்ட பனியன். அடுத்த வாரம் ரஷ்யாவுக்கு எதிராகத் தொடைத் தசை பிடித்துக்கொண்டு நொண்டிய நிலையிலும் கூடுதல் நேரம் முழுக்க நின்றார், ஷூட் அவுட்டிலும் நின்றார்.

எல்லா நாளும் இது பலிக்காது என்பதையும் அவனிடம் சொல்லிவிடுங்கள். இறுதிப் போட்டியிலும் குரோஷியா முதலில் கோல் வாங்கியது, பெரிசிச் சமன் செய்தார், கடைசியில் பிரான்ஸ் 4-2 என்று ஜெயித்தது. அதற்கு முந்தைய மூன்று ஆட்டங்களிலும் 120 நிமிடம் ஓடிய கால்கள். தொடர்ந்து முதல் கோல் வாங்குவது ஒரு குறைதான், அதைப் பெருமையாகப் பேசக் கூடாது.

பிறவிக் குணமா என்று கேட்டீர்கள். பழக்கம் என்றே நம்புகிறேன். பயிற்சியாளரிடம் பேசிப் பாருங்கள்: வாரத்தில் ஒரு பயிற்சி ஆட்டத்தை 0-1 என்றே தொடங்கட்டும். கோல் விழுந்தால் வலையிலிருந்து பந்தை எடுத்து நடுக்கோட்டுக்குக் கொண்டுபோக வேண்டியது யார் என்று முன்கூட்டியே ஒருவனை நியமிக்கட்டும். அது கோல்கீப்பராக இருக்க வேண்டாம். அந்த நேரத்தில் உங்கள் மகன் தடுப்பு ஆட்டக்காரர்கள் நால்வரையும் பெயர் சொல்லி அழைத்து அவரவர் இடத்தில் நிறுத்தட்டும். வாய்க்கு வேலை இருந்தால் தலை தொங்காது.

நீங்கள் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. ஆட்டம் முடிந்து வீடு திரும்பும் வழியில் அந்த கோலைப் பற்றிய பேச்சை நீங்களாக எடுக்காதீர்கள். அவன் எடுத்தால் கேட்டுக்கொள்ளுங்கள். ஒரு விடுமுறை நாளில் டென்மார்க் ஆட்டத்தின் முழுப் பதிவை அவனோடு உட்கார்ந்து பாருங்கள். கோல்களை மட்டும் வெட்டி ஒட்டிய ஐந்து நிமிடத் துணுக்கு வேண்டாம். முதல் நிமிடத்துக்குப் பிறகு சுபாசிச் என்ன செய்கிறார் என்பதை மட்டும் கவனிக்கச் சொல்லுங்கள். அவன் என்ன சொன்னான் என்று எனக்கு எழுதுங்கள்.