வாசகர் கேள்வி: வீணையின் மெட்டுகள் கைக்குப் பழக

கேள்வி: டர்பனில் வீணை கற்று வருகிறேன். முதல் தந்தியான சாரணியில் சரளி வரிசைகளை (தொடக்கநிலை ஸ்வரப் பயிற்சிகளை) வாசித்துவிடுகிறேன். கீழ் ஸ்தாயிக்காக இரண்டாம் தந்தியான பஞ்சமத்துக்குப் போனதும் மெட்டுகளை (தந்தியை அழுத்தும் இடங்களிலுள்ள குறுக்குக் கட்டைகளை) எண்ணத் தொடங்கிவிடுகிறேன். மெட்டுகளின் அருகே ஸ்வரப் பெயர்களை எழுதி ஒட்டலாமா?
– ஒரு வாசகி, சாட்ஸ்வொர்த்

பதில்: ஒட்ட வேண்டாம், சகோதரி. எழுத்தைப் பார்த்தே பழகிய கண், காதுக்கு வேலை வைக்காது. 4 தந்திகள், 24 மெட்டுகள் என்று மலைக்கவும் தேவையில்லை. சாரணியும் மந்தரமும் ஸட்ஜத்துக்கும் (ஸ), பஞ்சமமும் அனுமந்தரமும் பஞ்சம ஸ்வரத்துக்கும் (ப) சுருதி சேர்க்கப்படுவதால், சாரணி, பஞ்சமம் ஆகிய முதல் இரண்டு தந்திகளை அறிந்தவருக்கு மற்ற இரண்டும் ஒரு ஸ்தாயி கீழே அப்படியே அமைந்துவிடும்.

நீங்கள் வாசிக்கும் மாயாமாளவகௌளையே இதற்கு மிக உகந்த ராகம். சாரணியைத் திறந்து (எந்த மெட்டையும் அழுத்தாமல்) மீட்டினால் ஸ. 1, 4, 5 ஆம் மெட்டுகளில் ரி, க, ம. பஞ்சமத் தந்தியிலும் விரல்களை அதே மெட்டுகளில் வைத்தால் ப, த, நி, ஸ கிடைக்கும். ஆகவே, சாரணியில் 'ஸ ரி க ம' வாசித்த கையை நகர்த்தாமல் பஞ்சமத்தில் 'ப த நி ஸ' வாசித்து, மீண்டும் சாரணிக்கு வாருங்கள்; ஸ்வரங்களை வாயால் பாடிக்கொண்டே, கமகமின்றி (ஸ்வரத்தை அசைக்காமல்), மிக மெதுவாக வாசியுங்கள். தந்தியை இழுத்தால் ஒரே மெட்டில் பல ஸ்வரங்கள் பிறக்கும் என்பதால், இடம் பதியும்வரை இழுப்பைத் தள்ளிவைப்பதே நல்லது.

அது பழகியபின் ஒரு ஸ்வரத்தை மட்டும் எடுத்துக்கொண்டு எல்லா இடங்களிலும் தேடுங்கள். காந்தாரம் சாரணியிலும் மந்தரத்திலும் 4, 16 ஆம் மெட்டுகளில் இருக்கும். பஞ்சமத்திலும் அனுமந்தரத்திலும் 9, 21. கண்ணை மூடிக்கொண்டு, முதலில் பாடி, பிறகு மெட்டைத் தொட்டு, பாடியதோடு ஒத்துப்பார்ப்பதுதான் இப்பயிற்சியின் உயிர். தினமும் ஒரு ஸ்வரம் போதும்.

வீட்டில் கிட்டார் பழகும் பிள்ளைகள் இருந்தால் அவர்களுக்கும் இது உதவும். ஆனால் அங்கே தந்திகளின் சுருதி வேறு என்பதால் மெட்டுகளின் எண்கள் மாறும்.

பயிற்சிக்கு முன்பு, பஞ்சமத் தந்தியின் 5 ஆம் மெட்டில் வரும் ஸட்ஜமும் திறந்த சாரணியும் ஒன்றாக ஒலிக்கின்றனவா என்று கேளுங்கள். ஒலிக்காவிட்டால் முதலில் சுருதியைச் சரிசெய்யுங்கள். அதன்பிறகும் பிசகினால் மெட்டே நகர்ந்திருக்கலாம். மெட்டுகள் மெழுகில் பதிக்கப்பட்டவை. டர்பனின் டிசம்பர், ஜனவரி வெயிலில் மூடிய காருக்குள் வீணையை விட்டுவைத்தால் மெழுகு இளகிவிடும். அப்படி நகர்ந்த மெட்டை நீங்களே தள்ளிப் பார்க்காமல், மேளம் கட்ட, அதாவது மெழுகில் மெட்டுகளைச் சுருதிப்படி அமைக்க, தெரிந்தவரிடம் காட்டுங்கள்.