லுவார் அரண்மனைகளுக்கு மூன்று நாள் போதுமா?

கேள்வி: செப்டம்பரில் பாரிஸ் போகிறோம். நான், மனைவி, 10 வயதுப் பையன், 68 வயது அம்மா. அம்மாவுக்கு முழங்கால் வலி உண்டு. பாரிஸ் பயணத்தில் மூன்று நாளை ஒதுக்கி லுவார் பள்ளத்தாக்கு அரண்மனைகளைப் பார்க்க ஆசை. ஒரு பயண நிறுவனம் ‘இரண்டு நாளில் ஏழு அரண்மனை’ என்கிறது. கார் இல்லாமல் நாங்களே போய்வர முடியுமா? எதைப் பார்ப்பது, எதை விடுவது? நாங்கள் சைவம். (கோவையிலிருந்து ஒரு வாசகர்)

பதில்: ஏழு அரண்மனைத் திட்டத்தை முதலில் ஓரமாக வையுங்கள். இரண்டு நாளில் ஏழு என்றால் பாதி நேரம் பேருந்தில் போய்விடும், மீதி நேரம் வழிகாட்டியின் குடைக்குப் பின்னால் ஓடுவதில் போய்விடும். மூன்றாவது அரண்மனைக்குள் நுழையும்போதே எல்லாக் கட்டிலும் ஒரே கட்டில், எல்லாக் கணப்பும் ஒரே கணப்பு என்று தோன்ற ஆரம்பித்துவிடும். ஒரே மாலையில் பத்து வீட்டுக் கொலு பார்த்தவர்களுக்கு இந்த அலுப்பு புரியும்.

உங்கள் மூன்று நாளுக்கு நான்கு இடம் போதும்: அம்புவாஸ், ஷெனோன்ஸோ, ஷம்போர், ப்ளுவா. கார் இல்லாமலே முடியும். அதை விவரிப்பதற்கு முன் ஒரு விஷயம் சொல்லிவிடுகிறேன். இது தெரியாமல் போகிறவர்கள்தான் “இவ்வளவு பெரிய அரண்மனை, உள்ளே ஒன்றுமே இல்லையே” என்று முகம் சுளித்துக்கொண்டு வெளியே வருகிறார்கள்.

பதினாறாம் நூற்றாண்டில் பிரெஞ்சு அரசவை ஓரிடத்தில் இருக்கவில்லை. ராஜா வேட்டைக்கும் விருந்துக்கும் அரசியலுக்குமாக ஊர் ஊராகப் போய்க்கொண்டே இருந்தார். அவரோடு ஆயிரக்கணக்கான ஆட்கள், குதிரைகள், வண்டிகள். கட்டில், மேசை, பெட்டி, சுவரில் தொங்கவிடும் சித்திரத் திரை எல்லாம் கூடவே போகும். அடுத்த அரண்மனையில் இறக்கி, விரித்து, மாட்டுவார்கள். கிளம்பும்போது சுருட்டி ஏற்றிவிடுவார்கள். மேசை நாற்காலிகளைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல்லே ‘நகரக்கூடியது’ என்ற பொருளில் பிறந்ததுதான். ஆக, அறை வெறுமையாக இருப்பது யாரோ கொள்ளையடித்ததால் மட்டும் அல்ல. வருடத்தில் பெரும்பாலான நாள் அது அப்படித்தான் கிடந்தது. இன்று நீங்கள் பார்க்கும் கட்டில்களும் திரைகளும் பெரும்பாலும் பிற்காலத்தில் தேடிப் பிடித்து வாங்கி வைத்தவை. அதனால் சாமான்களைப் பார்ப்பதைவிடக் கட்டடத்தைப் பாருங்கள்: படிக்கட்டு, கூரை, கணப்பின் மேல் செதுக்கிய எழுத்து.

சரி, எங்கே தங்குவது? அம்புவாஸ் அழகான சின்ன ஊர், பலரும் அதைத்தான் சொல்வார்கள். ஆனால் கார் இல்லாத, முழங்கால் வலியுள்ள அம்மாவோடு வருகிற உங்களுக்கு தூர் நகரம்தான் சரி, அதுவும் ரயில் நிலையத்துக்குப் பக்கத்திலேயே. பலகையைப் பார்த்து ‘டூர்ஸ்’ என்று கேட்காதீர்கள், கடைசி எழுத்தை யாரும் உச்சரிப்பதில்லை. பாரிஸ் மோன்பர்னாஸ் நிலையத்திலிருந்து அதிவேக ரயிலில் ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல். பல ரயில்கள் ஊருக்குள் வராமல் சேன்-பியேர்-தே-கோர் என்ற பக்கத்து நிலையத்தோடு நின்றுவிடும். அங்கிருந்து இணைப்பு ரயிலில் ஐந்து நிமிடம். அதிவேக ரயிலுக்கு முன்கூட்டிப் பதிவு செய்தால் விலை நன்றாகவே குறையும். பெரிய பெட்டிகளைப் பாரிஸ் விடுதியிலேயே வைத்துவிட்டு, இரண்டு நாள் துணியை முதுகுப்பையில் போட்டுக்கொண்டு வாருங்கள். சக்கரப் பெட்டியோடு எந்த அரண்மனைக்குள்ளும் போக முடியாது.

முதல் நாள் மதியம் அம்புவாஸ். தூரிலிருந்து இருபது நிமிட ரயில். நிலையம் ஆற்றின் இந்தக் கரையில், அரண்மனை அந்தக் கரையில். பாலத்தைக் கடந்து கால் மணி நேரம் நடக்க வேண்டும், அம்மாவுக்கு டாக்சி சொல்லிவிடுங்கள். அரண்மனையில் இன்று நிற்பது பழைய கட்டடத்தில் ஒரு பகுதிதான். 1498இல் எட்டாம் சார்ல் என்ற ராஜா இங்கே ஒரு தாழ்ந்த வாசல் நிலையில் தலையை இடித்துக்கொண்டு சில மணி நேரத்தில் இறந்துபோனார், வயது 27. குதிரையில் ஏறியபடியே மேல்தளம் வரை போகும் சரிவுப் பாதை ஒரு கோபுரத்துக்குள் சுற்றிச் சுற்றிப் போகிறது. பையனுக்கு அதுவும், சற்றுத் தள்ளி இருக்கும் க்ளோ லூசே வீடும் பிடிக்கும். லியோனார்தோ டா வின்சி கடைசி மூன்று ஆண்டுகள் வாழ்ந்து 1519இல் இறந்தது அந்த வீட்டில்தான். அவர் வரைந்த இயந்திரங்களைச் செய்து வைத்திருக்கிறார்கள், தோட்டத்தில் இருப்பவற்றில் சிலவற்றைக் கையால் சுற்றியும் பார்க்கலாம். நேரம் குறைவென்றால் அரண்மனையை விட்டுவிட்டு இந்த வீட்டைப் பாருங்கள் என்றே சொல்வேன்.

ஊருக்கு வெளியே மூன்று கிலோமீட்டரில் ஷான்தலூ பகோடா என்று 44 மீட்டர் உயரத்தில் சீன பாணிக் கோபுரம் ஒன்று தனியாக நிற்கிறது. கட்டியவர் ஷுவாசேல் பிரபு. 1761இல் ஆங்கிலேயர் இடித்துத் தரைமட்டமாக்கிய புதுச்சேரியை 1763 பாரிஸ் உடன்படிக்கையில் பிரான்ஸ் திரும்பப் பெற்றதே, அப்போது பதினைந்தாம் லூயியின் முதன்மையான அமைச்சர் இவர்தான். பிறகு 1770இல் ராஜாவின் கோபத்துக்கு ஆளாகித் தன் ஊரோடு முடங்கினார். ஒதுக்கப்பட்ட காலத்திலும் தன்னைப் பார்க்க வந்த நண்பர்களுக்கு நன்றியாக இந்தக் கோபுரத்தை எழுப்பினார். அவருடைய அரண்மனை இடிந்து போய்விட்டது, கோபுரம் மட்டும் மிச்சம். உங்கள் திட்டத்தில் இதற்கு நேரம் இல்லை. தெரிந்து வைத்துக்கொள்ளத்தான் சொன்னேன்.

இரண்டாம் நாள் முழுக்க ஷெனோன்ஸோவுக்கு. ஒன்றே ஒன்றுதான் பார்க்க முடியும் என்றால் இதைத்தான் பார்க்கச் சொல்வேன். தூரிலிருந்து அரை மணி நேரம், நிலையம் அரண்மனை வாசலை ஒட்டியே இருக்கிறது. ஆனால் ரயில்கள் குறைவு. இறங்கியவுடன் திரும்பும் ரயிலின் நேரத்தைக் கைப்பேசியில் படமெடுத்துக்கொள்ளுங்கள். நான் ஒரு முறை தோட்டத்தில் அசந்து உட்கார்ந்துவிட்டு, இரண்டு மணி நேரம் அந்த நிலையத்து மேடையில் தனியாகக் காத்திருந்தேன். காலையில் திறக்கும்போதே போய்விடுங்கள், பதினொரு மணிக்கு மேல் பேருந்துக் கூட்டம் வந்து இறங்கும்.

மரங்கள் வரிசையிட்ட நீளமான பாதை, அதன் முடிவில் ஷெர் ஆற்றின் குறுக்கே நிற்கும் அரண்மனை. இரண்டாம் ஆன்றி (ஆங்கிலத்தில் ஹென்றி) ராஜா இதைத் தன் ஆசைநாயகி தியானுக்குக் கொடுத்தார், ஆற்றின் மேல் பாலம் கட்டியது தியான். 1559இல் ஈட்டி விளையாட்டில் காயப்பட்டு ராஜா இறந்ததும், பட்டத்தரசி கத்தரீன் தெ மெதிசி தியானை இங்கிருந்து கிளப்பி, பதிலுக்கு ஷோமோன் அரண்மனையைக் கொடுத்து அனுப்பினாள். பிறகு தியானின் பாலத்தின் மேலேயே 60 மீட்டர் நீளத்துக்கு ஒரு கூடம் எழுப்பினாள். கணப்புகளின் மேல் ஆன்றிக்கு ஒரு எழுத்தும் கத்தரீனுக்கு ஒரு எழுத்தும் பின்னிச் செதுக்கியிருப்பதை நின்று பாருங்கள். ரோமன் எழுத்தில் ‘ஹெச்’சின் கால்களோடு ‘சி’ சேரும்போது அது ‘டி’ போலத் தெரிகிறது, அதாவது தியானின் முதலெழுத்து! மனைவியின் பெயரில் சக்களத்தியை ஒளித்து வைத்த இந்தக் குறும்பைப் பார்த்து உங்கள் அம்மா ஒரு வார்த்தையாவது சொல்லாமல் இருக்க மாட்டார்.

அந்த நீண்ட கூடம் முதல் உலகப் போரில் மருத்துவமனையாக இருந்தது. இரண்டாம் உலகப் போரில் ஷெர் ஆறுதான் எல்லைக்கோடு. வடகரை ஜெர்மானியர் பிடியில், தென்கரை அவர்கள் பிடிக்காத பகுதி. கூடத்தின் தென்கோடிக் கதவு வழியாக ஆட்கள் தப்பித்துப் போயிருக்கிறார்கள். அந்தக் கதவு வரை நடந்துவிட்டுத் திரும்புங்கள். தரை சமதளம், அம்மாவும் வரலாம். பாலத்தூணுக்குள் இருக்கும் சமையலறைக்குப் படியிறங்க வேண்டும். முடிந்தால் இறங்கிப் பார்க்கட்டும், செப்புப் பாத்திரங்கள் அப்படிப் பளபளக்கும். மேல்மாடியில் கறுப்பு அறை ஒன்று உண்டு, அதை மறக்காதீர்கள். மறுநாள் ப்ளுவாவில் அதன் முதல் பாதிக் கதை கிடைக்கும்.

மூன்றாம் நாள் ஷம்போரும் ப்ளுவாவும். காலையில் பையோடு தூரிலிருந்து கிளம்பி ப்ளுவாவில் இறங்குங்கள். சுற்றுலாப் பருவத்தில் நிலையத்திலிருந்தே ஷம்போருக்குப் பேருந்து உண்டு, நேரப் பட்டியலை முந்தின நாளே சரிபாருங்கள். முதலில் தொலைவில் இருக்கும் ஷம்போர், பிறகு நிலையத்துக்குப் பக்கத்தில் இருக்கும் ப்ளுவா. இந்த வரிசையை மாற்றாதீர்கள். மாலையில் ஷம்போர் பேருந்தைத் தவறவிட்டால் பாரிஸ் ரயிலும் போய்விடும்.

ஷம்போர் பிரம்மாண்டம். 1519இல் முதலாம் பிரான்சுவா ஆரம்பித்தது, அவர் 1547இல் இறக்கும்போதும் முடியவில்லை. சுற்றுச்சுவர் மட்டும் 32 கிலோமீட்டர். இவ்வளவு பெரிதாகக் கட்டிய ராஜா, எல்லாம் சேர்த்து ஒரு சில வாரமே இங்கே தங்கினார். நான் மேலே சொன்ன வெறுமை இங்கேதான் அதிகம் தெரியும். நடுவில் இருக்கும் இரட்டைச் சுருள் படிக்கட்டுக்கு வாருங்கள். ஒன்றுக்குள் ஒன்றாகச் சுற்றும் இரண்டு படிக்கட்டுகள். நீங்கள் ஒன்றிலும் பையன் மற்றதிலும் ஏறுங்கள். நடுவில் இருக்கும் திறப்புகள் வழியே ஒருவரையொருவர் பார்க்கலாம், கையாட்டலாம், ஆனால் மேலே போய்ச் சேரும்வரை சந்திக்க மாட்டீர்கள். யோசனை லியோனார்தோவுடையது என்று பலர் நம்புகிறார்கள், ஆனால் ஆதாரம் இல்லை. மொட்டை மாடியில் புகைபோக்கிகளும் சிறு கோபுரங்களும் ஒரு ஊரைப் போல நெருங்கி நிற்கும். வெள்ளைச் சுண்ணாம்புக் கல்லில் கறுப்பாகப் பதித்திருப்பது பளிங்கு அல்ல, வெட்டியெடுத்த ஓட்டுக்கல். அம்மா மாடி ஏற வேண்டாம், கீழ்த்தளமும் வெளித்தோட்டமும் போதும்.

மதியம் ப்ளுவா. நிலையத்திலிருந்து பத்து நிமிட நடை. ஒரே முற்றத்தைச் சுற்றி நான்கு காலத்துக் கட்டடங்கள் நிற்பதால், முற்றத்தின் நடுவில் நின்று ஒரு சுற்றுச் சுற்றினாலே கட்டடக்கலையின் நானூறு ஆண்டு கண்முன் வந்துபோகும். முதல் மாடியில் கத்தரீனின் அறைப் பலகைகளுக்குப் பின்னால் ரகசிய அலமாரிகள் உண்டு. காலால் மிதித்துத் திறக்கும் விசை கொண்டவை. அதற்கு மேல்மாடியில்தான் 1588 டிசம்பர் 23 காலையில், தன்னை மிஞ்சி வளர்ந்துவிட்ட கீஸ் பிரபுவை மூன்றாம் ஆன்றி ராஜா தன் காவலர்களை வைத்துக் குத்திக் கொன்றார். கீழே நோயில் படுத்திருந்த தாய் கத்தரீன் இரண்டு வாரத்துக்குள் இறந்தாள். எட்டாவது மாதம் ராஜாவையும் ஒருவன் குத்திக் கொன்றான். செய்தி ஷெனோன்ஸோவில் இருந்த அவர் மனைவி லூயிஸுக்குப் போனது. அவள் தன் அறையைக் கறுப்பாக்கி, அதில் வெள்ளிக் கண்ணீர்த் துளிகளை வரையச் சொன்னாள். முந்தின நாள் நீங்கள் பார்த்த அறை அதுதான். மாலையில் ப்ளுவாவிலிருந்தே பாரிஸ் ஓஸ்டர்லிட்ஸ் நிலையத்துக்கு நேர் ரயில் உண்டு.

அம்மாவுக்குச் செடிகொடியில் ஆசை என்றால் முதல் நாள் அம்புவாஸுக்குப் பதிலாக வில்லாந்த்ரி. ரயில் இல்லை, தூர் நிலையத்துக்கு எதிரே கிளம்பும் சிறு வேன்களில் அரை நாள் பயணமாகப் போகலாம். அரண்மனையைப் பார்க்காமல் தோட்டத்துக்கு மட்டும் சீட்டு எடுக்கலாம். அங்கே முட்டைக்கோசும் பூசணியும் பீட்ரூட்டும் கோலம் போட்டது போல ஒன்பது சதுரங்களில் வளர்கின்றன. செப்டம்பரில் பூசணி பழுத்துக் கிடக்கும். பாதை சமதளம்தான், சரளைக்கல் மட்டும் கவனம்.

அஸே-ல-ரிதோ, ஷினோன், உஸ்ஸே எல்லாம் இந்த முறை வேண்டாம். ஷினோன் உண்மையான கோட்டை, ஜான் ஆஃப் ஆர்க் இளவரசரைச் சந்தித்த இடம். ஆனால் ஏற்றம், அம்மாவால் முடியாது. ஷெவெர்னி மட்டும் ஷம்போர் பேருந்துத் தடத்திலேயே வருகிறது. டின்டின் காமிக்ஸில் கேப்டன் ஹேடாக் குடியிருக்கும் மாளிகைக்கு முன்மாதிரி அதுதான். பையன் டின்டின் வாசகன் என்றால் ப்ளுவாவை விட்டுவிட்டு அங்கே போங்கள், நான் கோபித்துக்கொள்ள மாட்டேன்.

சீட்டு விஷயம். ஷெனோன்ஸோவும் க்ளோ லூசேயும் வில்லாந்த்ரியும் தனியாருடையவை, ஷம்போர் அரசுடையது. ஐரோப்பியப் பொருளாதாரப் பகுதிக்கு வெளியிலிருந்து வருபவர்களுக்கு ஷம்போரில் 2026 முதல் கூடுதல் கட்டணம். பழைய பயணக் குறிப்புகளில் இருக்கும் விலையை நம்பாமல், அவரவர் இணையதளத்தில் இன்றைய விலையைப் பார்த்துப் பதிவு செய்யுங்கள். செப்டம்பர் மூன்றாம் வார இறுதி நாட்டின் மரபுச் சின்ன நாட்கள். பல இடங்களில் கட்டணம் குறையும், கூட்டம் அதற்கேற்பக் கூடும். அம்மாவோடு போவதால் அந்தச் சனி ஞாயிறைத் தவிர்த்துவிடுங்கள்.

அப்புறம் சாப்பாடு. உணவகங்களில் மதியச் சமையல் 12 முதல் 2 வரைதான், அதற்குப் பிறகு போனால் காபி மட்டும்தான் கிடைக்கும். அதனால் காலையிலேயே ரொட்டிக்கடையில் வாங்கிக்கொண்டு கிளம்புங்கள். ரியெத் என்று எழுதிய சான்ட்விச்சை மட்டும் எடுக்காதீர்கள். பார்க்கத் துவையல் தடவியது போல இருக்கும், உள்ளே பன்றி இறைச்சி. இந்த வட்டாரத்து ஆட்டுப்பால் சீஸ் நீள உருளையாக, நடுவில் ஒரு வைக்கோல் தண்டோடு வரும். பிரமாதமான ருசி. ஆனால் பாலைத் திரிக்கக் கன்றின் வயிற்று நொதியைச் சேர்ப்பது இங்கே வழக்கம், கண்டிப்பான சைவம் என்றால் யோசித்துக்கொள்ளுங்கள். ஊறுகாய், தயிர் சாதம் என்று அம்மா கேட்டால், தூர் நிலையத்தைச் சுற்றியுள்ள கடைகளில் தயிர் எங்கும் கிடைக்கும். ஊறுகாய்ப் பொட்டலத்தை மட்டும் கோவையிலேயே பெட்டியில் போட்டுவிடுங்கள்.