வீட்டுல பெருகின செடியை விக்கலாமா? வடசென்னைக்காரங்க கேள்விக்குப் பதில்

பெரம்பூர்ல சின்ன வீடு. கேட்டுக்கும் வாசப்படிக்கும் நடுவுல கொஞ்சம் மண்ணு, மேல மொட்டை மாடி, அவ்வளவுதான் என் தோட்டம். பல வருஷம் நிக்கிற செடிங்க பெருகி இடம் பத்தாமப் போனா, மிச்சத்தைப் பையில போட்டு விக்கிறேன். அதைப் பத்தி நிறைய பேர் கேட்டதால இங்க ஒண்ணா பதில் சொல்லிடுறேன். காய்கறி நாத்து, ஒரு சீசன்ல காஞ்சு போற பூச்செடி இதெல்லாம் நான் விக்கிறதில்ல, அதைக் கேட்டவங்க கோச்சுக்காதீங்க.

வியாசர்பாடி: அக்கா, செம்பருத்தி, ஓமவல்லி, சோத்துக்கத்தாழை, ரெயின் லில்லி எல்லாமே தொட்டியை மீறிப் போச்சு. எதுல ஆரம்பிக்கிறது?

ரெயின் லில்லியில ஆரம்பிங்கம்மா. தொட்டியைக் கவுத்தா கிழங்கு சின்ன வெங்காயம் மாதிரி கொத்தா உதிரும். ஒரு பைக்கு ஒரு கிழங்குன்னு போடாதீங்க, ஒத்தைப் பூ பூத்தா வாங்கினவங்களுக்கு ஏமாந்த மாதிரி இருக்கும். அஞ்சாறு சேத்துப் போடுங்க. நல்லா காய விட்டு ஒரு மழை பெஞ்சதும் பூக்கும்னு சொல்லிக் கொடுத்துட்டா அவங்களும் பொறுமையா இருப்பாங்க.

கத்தாழையில தாய்ச்செடியை ஒட்டி வர்ற குட்டி, தனக்குன்னு நாலஞ்சு வேர் விட்ட பிறகு பிரிங்க. வெட்டின இடம் ரெண்டு மூணு நாள் நிழல்ல ஆறணும், உடனே நட்டு தண்ணி ஊத்தினா அழுகிடும். ஓமவல்லி எல்லார் வீட்டுலயும் இருக்கு, அதுக்குப் பெரிசா காசு வராது. வேற செடி வாங்குறவங்களுக்கு சும்மா சேத்துக் கொடுங்க.

நீங்க சொன்ன பட்டியல்ல இல்லாத மூணை நான் சொல்றேன்: பிரண்டை, தூதுவளை, வெத்தலைக்கொடி. பூச்செடி வண்டியில இது லேசுல கிடைக்காது. துவையலுக்கு, சளிக்கு, பூஜைக்குன்னு தேடி வர்றவங்க இதைத்தான் கேக்குறாங்க. வெத்தலைக்கு மட்டும் நிழலும் ஈரமும் வேணும், வெயில் படுற சுவத்துல ஏத்தாதீங்க.

கொளத்தூர்: தெருவுல மீன்பாடி வண்டியில வர்றவர் ஐம்பது ரூபாய்க்குச் செடி தர்றார். நம்ம செடியை யார் வாங்குவா?

அவரோட விலையில போட்டி போட முடியாது, போடவும் வேணாம். அந்தச் செடிங்கள்ல நிறைய ஆந்திராவுல ராஜமுந்திரி பக்கம் இருக்கிற கடியத்துலேர்ந்து லாரியில வர்றது. கடியம் முழுக்க நர்சரிதான், அங்க பயிர் பண்ற அளவுக்கு நம்மால நினைச்சுக்கூடப் பாக்க முடியாது. ஆனா பையைக் கிழிச்சா உள்ள பெரும்பாலும் கெட்டிக் களிமண் உருண்டை இருக்கும். ஒரு தடவை காஞ்சிடுச்சுன்னா ஊத்துற தண்ணி உருண்டைக்குள்ள இறங்காம ஓரமா வழிஞ்சு போயிடும். மேல பச்சையா இருக்கும், வேர் தாகத்துல சாகும்.

நம்ம செடி நம்ம வீட்டு போர் தண்ணியில, நம்ம வெயில்ல, குறைஞ்சது ஒரு கத்திரியைத் தாண்டின தாய்ச்செடியோட பிள்ளை. விக்க வேண்டியது அந்தப் பெருமையைத்தான். தாய்ச்செடியைக் காட்டி வில்லுங்க. கேட் பக்கத்துலயே அது பூத்து நின்னா பேரம் பாதி குறையும்.

நான் விக்கிற விலை: கத்தாழை முப்பது நாப்பது, ரெயின் லில்லிப் பை ஐம்பது, எட்டுக்குப் பத்து இஞ்ச் பையில வேர் பிடிச்ச செம்பருத்தி எண்பது. செம்மண், தொழு உரம், கோகோபீட் (தேங்காய் நார்த்தூள்), பை எல்லாம் போக மிஞ்சுறது உரச் செலவையும் புதுத் தொட்டியையும் தாங்கும். உங்க கூலியைக் கணக்குல போட்டா கண்ணைக் கட்டும். வீட்டு வாடகைக்கு ஆகும்னு நினைச்சு இறங்காதீங்க.

எம்.கே.பி. நகர்: செம்பருத்திக் குச்சி நட்டு, தளதளன்னு தளிர் வந்ததும் வித்தேன். வாங்கின மூணு பேர் வீட்டுலயும் வாடிப் போச்சாம். ஏன்?

தளிர் வந்ததைப் பாத்து வேர் வந்துடுச்சுன்னு நினைச்சீங்க. வேரே இல்லாம, குச்சிக்குள்ள சேந்திருக்கிற சத்தை வெச்சே முதல் தளிர் வந்துடும். அந்தச் சத்து தீர்ற நேரத்துல நீங்க இடம் மாத்தினா அதோட கதை முடிஞ்சது.

பென்சில் கனத்துல, அரை அடி நீளத்துல, மூணு நாலு கணு இருக்கிற குச்சியா எடுங்க. ரொம்பப் பச்சையா வளையுறதும் வேணாம், பட்டை வெளுத்த கிழட்டுக் கிளையும் வேணாம். அடியில கணுவுக்குக் கொஞ்சம் கீழே சாய்வா வெட்டுங்க. மேல ரெண்டு இலையை மட்டும் விட்டு, அதையும் பாதியாக் கத்தரிச்சுடுங்க. ஆத்து மணலும் கோகோபீட்டும் சரிபாதி. ரெண்டு கணு மண்ணுக்குள்ள போகட்டும். அடி வெட்டின தண்ணி பாட்டிலை மேல கவுத்து நிழல்ல வெச்சுடுங்க. அஞ்சாறு வாரம் தொடாதீங்க. புடுங்கிப் புடுங்கிப் பாத்தா வர்ற வேரும் அறுந்துடும்.

விக்கத் தயாரான்னு பாக்க ரெண்டு அடையாளம் இருக்கு. பையோட அடி ஓட்டையில வெள்ளையா வேர் நுனி எட்டிப் பாக்கணும். தண்டைப் பிடிச்சு மெதுவா தூக்கினா, குச்சி மட்டும் உருவி வராம பையும் சேந்து எழும்பணும். அதுக்கப்புறம் பாதி வெயில்ல ரெண்டு வாரம் வெச்சுப் பழக்கிட்டுத்தான் காசுக்குக் கை நீட்டணும்.

அஞ்சு இதழ் நாட்டுச் சிவப்புதான் குச்சியில சுலபமா வரும். தலைக்கு எண்ணெய் காய்ச்சுறவங்க கேக்குறதும் அதைத்தான். மஞ்சளும் ஆரஞ்சுமா தட்டு அகலத்துக்குப் பூக்குற ஹைபிரிட்ல நிறைய ஒட்டுச்செடி. அது குச்சியில வரலைன்னு மனசு விடாதீங்க.

பெரம்பூர்: ஸ்நேக் பிளான்ட் இலையைத் துண்டு துண்டா வெட்டி நட்டேன். குட்டி வந்துச்சு, ஆனா மஞ்சள் ஓரத்தைக் காணோம். மண்ணுல ஏதாவது குறையா?

மண்ணுல ஒரு குறையும் இல்ல. மஞ்சள் ஓரம் போட்ட ரகத்தை இலைத்துண்டுல வளத்தா வெறும் பச்சையாத்தான் வரும். ஓரம் வேணும்னா கிழங்கோட பிரிச்சு நடணும். பச்சையா வந்ததைப் பச்சைன்னே சொல்லி, விலையைக் குறைச்சுக் கொடுங்க. "வளர வளர மஞ்சள் வரும்"னு சொல்லி விக்கிறவங்களை நான் பாத்திருக்கேன், அந்தப் பொழப்பு நமக்கு வேணாம்.

அடீனியமும் இதே சங்கதிதான். குச்சி நட்டா பூக்கும், ஆனா விதைச் செடிக்கு வர்ற அந்தக் குண்டு அடித்தண்டு வராது. வாங்குறவங்க அந்தக் குண்டைப் பாத்துத்தான் வாங்குறாங்க, முன்னாடியே சொல்லிடுங்க.

புது வண்ணாரப்பேட்டை: துளசியைக் காசுக்கு விக்கக் கூடாதுன்னு மாமியார் சொல்றாங்க. மணி பிளான்ட் திருடி வெச்சாத்தான் வளரும்னு வேற சொல்றாங்க!

மாமியார் மனசு நோகாம துளசியைச் சும்மா கொடுங்க, பைக்கு மட்டும் காசு வாங்கிக்கோங்க. எங்க தெருவுல அப்படித்தான் நடக்குது. மணி பிளான்ட் காசு கொடுத்து வாங்கினாலும் வளரும், திருடினாலும் வளரும். தண்ணி பாட்டில்ல போட்டாக்கூட வளர்ற செடி அது. பொழுது சாஞ்சா செடியைத் தொட மாட்டாங்க சிலர், அதனால விக்கிற நேரத்தைக் காலையில வெச்சுக்கோங்க. வாடாம வீடு போய்ச் சேரவும் அதுதான் நல்லது.

திருவொற்றியூர்: கடல் காத்து, போர் தண்ணியும் உப்பு. இங்க வளத்து விக்க எது தாங்கும்?

அரளி, காகிதப்பூ, நித்தியகல்யாணி, அடீனியம், கத்தாழை, வெள்ளை ஸ்பைடர் லில்லி. இலை ஓரம் கருகுதுன்னா மண்ணுல உப்பு சேந்திருக்கு. மழைத் தண்ணி கிடைக்கிறப்போ தொட்டி அடியில வழியுற அளவுக்கு ரெண்டு மூணு தடவை ஊத்திக் கழுவி விடுங்க. உங்க இடத்துல தாங்கின செடிக்கு எண்ணூர், காசிமேடு பக்கம் நல்ல கிராக்கி இருக்கும். கடலை விட்டுத் தள்ளி நிழல் வலைக்குக் கீழ வளந்த செடி அங்க கடல் காத்துக்கு நிக்காது.

ஒரு எச்சரிக்கை: அரளியில இலை, பூ, விதை எல்லாமே விஷம். அடீனியம் பாலும் அப்படித்தான். குழந்தை இருக்கா, ஆடு மாடு வருமான்னு கேட்டுட்டுக் கொடுங்க.

மாதவரம்: லைசென்ஸ், ஜிஎஸ்டி எல்லாம் வேணுமா அக்கா?

உயிர்ச்செடிக்கு ஜிஎஸ்டி கிடையாது. பிளாஸ்டிக் தொட்டிக்கு உண்டு, ஆனா வீட்டுல மிச்சத்தை விக்கிற நாம பதிவு பண்ற வரம்புக்குப் பக்கத்துலகூடப் போக மாட்டோம். காய்கறி நாத்து, பழக்கன்று விக்கிறது வேற விஷயம். 1966 விதைச் சட்டத்துலயே உணவுப் பயிரோட நாத்து, ஒட்டு, கிழங்கு எல்லாம் விதைங்கிற கணக்குல வருது. அதைத் தொழிலா விக்கிற நர்சரிங்க விதை விற்பனை உரிமம் வாங்கணும். அந்தப் பக்கம் போற எண்ணம் இருந்தா விதை ஆய்வாளரைப் போய்ப் பாருங்க. உங்க ஊர்லயே தோட்டக்கலைத் துறைக்கு இடம் இருக்கு, அங்க விசாரிச்சா வழி சொல்வாங்க.

தண்டையார்பேட்டை: மெயின் ரோட்டு நடைபாதையில வெச்சு விக்கலாமா?

2014 தெரு வியாபாரிகள் சட்டப்படி அதுக்கு மாநகராட்சி அடையாள அட்டை, விற்பனைச் சான்று வேணும். தினம் அதுலயே பொழைக்கிறவங்க இடம் அது. மாசத்துக்கு இருபது பை விக்கிற நாம போய் உக்காரக் கூடாதுங்கிறது என் கட்சி. உங்க கேட்டுக்கு உள்ளேயே ஒரு பலகை போடுங்க. பிளாஸ்டிக் கேரி பேக் கொடுக்காதீங்க, 2019 ஜனவரியிலேர்ந்து தடை. பழைய அரிசிச் சாக்கு, நியூஸ்பேப்பர் போதும்.

கொடுங்கையூர்: மாவுப்பூச்சி வந்த செடியை மருந்தடிச்சுட்டு விக்கலாமா?

அடிச்ச கையோட விக்கக் கூடாது. ஒருத்தர் வீட்டுச் செம்பருத்தியிலேர்ந்து தெரு முழுக்கப் பரவும். 2008ல கோயம்புத்தூர் பக்கம் முதல்ல தெரிஞ்ச பப்பாளி மாவுப்பூச்சி, மரவள்ளி, மல்பெரின்னு எல்லாத்தையும் பதம் பாத்துச்சு. 2010ல வெளிநாட்டுலேர்ந்து ஒட்டுண்ணிக் குளவியைக் கொண்டுவந்து விட்ட பிறகுதான் அடங்குச்சு. அவ்வளவு பெரிய சங்கதி, நம்ம பையில ஒரு வெள்ளைப் பஞ்சுலேர்ந்து ஆரம்பிக்கும்.

பூச்சி தெரிஞ்ச செடியைத் தனியா ஒதுக்குங்க. ஒரு லிட்டர் தண்ணிக்கு அஞ்சு மில்லி வேப்பெண்ணெய், அது கரைய கொஞ்சம் சோப்புத் தண்ணி. சாயங்காலமா இலைக்கு அடியில, கணு இடுக்குல படுற மாதிரி அடிங்க. வாரம் ஒரு தடவை. மூணு வாரம் சுத்தமா இருந்தா வெளியே வரட்டும்.

இலையில தெரியாத ரெண்டு இருக்கு. ஒண்ணு வேர்முடிச்சு: பையை உருவிப் பாருங்க, வேர்ல மணி மணியா புடைப்பு இருந்தா அது நூற்புழு வேலை. செடியையும் மண்ணையும் சேத்துக் குப்பையில போடுங்க, வேற தொட்டிக்கு அந்த மண்ணை மாத்தாதீங்க. இன்னொண்ணு பெரிய ஆப்பிரிக்க நத்தை. அதோட முட்டை மஞ்சள் கலந்த வெள்ளை உருண்டையா பை மண்ணுக்குள்ள கும்பலா இருக்கும், யூரியான்னு ஏமாந்துடாதீங்க. மழைக்கு அப்புறம் விக்கிற ஒவ்வொரு பையையும் நான் மேல் மண்ணைக் கிளறிப் பாத்துத்தான் கொடுப்பேன்.

எர்ணாவூர்: மிக்ஜாம் புயல் வெள்ளத்துல எங்க வாசல் வரைக்கும் எண்ணெய்த் தண்ணி வந்துச்சு. அந்த மண்ணைச் செடிக்குப் பயன்படுத்தலாமா?

பை நிரப்ப வேணாம். 2023 டிசம்பர்ல வந்த அந்த எண்ணெய் மேலே தெரியலைன்னாலும் மண்ணுல எவ்வளவு தங்கியிருக்குன்னு கண்ணால சொல்ல முடியாது. அதுலயும் வெத்தலை, பிரண்டைன்னு வாயில போடுற செடிக்கு வேணவே வேணாம். வெளியேர்ந்து செம்மண் மூட்டை வாங்கி, தரையில வேர் இறங்காம உயரமான பலகையில வெச்சு வளங்க.

ராயபுரம்: எந்த மாசம் விக்க நல்லது?

ஆடி, ஆவணியில நட்டதைத் தை, மாசியில வில்லுங்க. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில பை ஊறி அழுகும், அப்போ சாய்வா அடுக்கி வைங்க. அடியில தட்டு வைக்காதீங்க, டெங்கு கொசுவுக்கு அந்தத் தண்ணி போதும். மாநகராட்சி ஆளுங்களும் வந்து பாப்பாங்க. மே மாசக் கத்திரியில கடையைச் சாத்திடுங்க, அப்போ வாங்குற செடி பாதி செத்துக் கெட்ட பேர்தான் மிஞ்சும்.

கொருக்குப்பேட்டை: செடி செத்துப் போச்சுன்னு காசு திருப்பிக் கேக்குறாங்க. கொடுக்கணுமா?

பத்து நாளுக்குள்ள வந்தா வேற செடி கொடுப்பேன், காசு கொடுக்க மாட்டேன். செத்த செடியைப் பையோட எடுத்துட்டு வரச் சொல்லுங்க. மண்ணைப் பாத்தாலே தெரியும், முக்காவாசி தண்ணி ஊத்தியே கொன்னிருப்பாங்க.

மூலக்கடை: பக்கத்து வீட்டம்மா நான் விக்கிறது தெரிஞ்சும் தினம் ஒரு குச்சி சும்மா கேக்குறாங்க. எப்படி முடியாதுன்னு சொல்றது?

குச்சியைக் கொடுத்துடுங்கம்மா, அதுக்கு என்ன காசு? கவாத்து பண்ணி எறியுற கிளைதானே. வேர் பிடிச்ச பையை மட்டும் காசில்லாமக் கொடுக்காதீங்க. குச்சி வாங்கிட்டுப் போனவங்கள்ல பாதிப் பேர் அடுத்த மாசம் வந்து பையைத்தான் வாங்குறாங்க.