பக்கவாட்டு வெளிச்சம்

வணக்கம் அக்கா,

முதுகுவலியும் உடற்பயிற்சியும் பற்றி நீங்கள் எழுதியிருந்த கட்டுரையைப் படித்ததிலிருந்து இதைக் கேட்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். எனக்கு வயது 34. என்னைக் குண்டு என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஆனால் தொடையின் பின்பக்கத்திலும் பிட்டத்திலும் தோல் குழிகுழியாக இருக்கிறது. செல்லுலைட் என்கிறார்கள். ஐந்து மாதமாக ஜிம்முக்குப் போகிறேன். தினமும் நூறு ஸ்குவாட் செய்கிறேன். பயிற்சியாளர் அதை இருநூறாக்கச் சொல்கிறார். எடை நான்கு கிலோ குறைந்திருக்கிறது, குழிகள் குறையவில்லை. சில இடங்களில் கூடியதுபோலக்கூடத் தெரிகிறது. எட்டே வாரத்தில் மறைந்துவிட்டது என்று எத்தனை பேர் படம் போடுகிறார்கள்! என்னிடம்தான் ஏதோ தவறா? எந்தப் பயிற்சி, எத்தனை வாரம் என்று தெளிவாகச் சொல்ல முடியுமா? காபீன் கிரீம், உலர்ந்த பிரஷ்ஷால் தேய்ப்பது, ரோலரில் உருட்டுவது இவற்றில் எதற்காவது பலன் உண்டா?

பள்ளி நாட்களிலிருந்தே நீந்துகிறவள் நான். இரண்டு வருடமாக நிறுத்திவைத்திருக்கிறேன். இது சரியானதும் மறுபடி போகலாம் என்று இருக்கிறேன்.

அன்புடன்,
வி.

அன்புள்ள வி.,

நீங்கள் கேட்டவற்றுக்குப் பதில் சொல்கிறேன், ஆனால் வேகமாகத்தான். எனக்குப் பேச வேண்டியிருப்பது அந்த எட்டு வாரப் படங்களைப் பற்றி. அவற்றின்மேல் எனக்குச் சில காலமாகவே கோபம் சேர்ந்துகொண்டு வருகிறது. அந்த நேரம் பார்த்து உங்கள் கடிதம் வந்து சேர்ந்தது.

முதலில் உங்களிடம் எந்தத் தவறும் இல்லை. பருவமடைந்த பெண்களில் 80 முதல் 90 சதவீதம் பேருக்கு இது ஏதோ ஓர் அளவில் இருப்பதாக மருத்துவ நூல்கள் சொல்கின்றன. பத்தில் எட்டொன்பது பேருக்கு இருப்பதை நோய் என்று எப்படிச் சொல்வது? தோலுக்கும் அடியிலுள்ள தசைப்படலத்துக்கும் நடுவே நார்ப்பட்டைகள் ஓடுகின்றன. அவற்றின் இடைவெளிகளில் கொழுப்பு திரள் திரளாக அடைந்திருக்கிறது. பெண்களுக்கு இந்தப் பட்டைகள் பெரும்பாலும் செங்குத்தாக நிற்கின்றன. அதனால் பட்டை தோலை உள்ளே இழுக்கும் இடம் குழிகிறது, நடுவிலுள்ள கொழுப்பு மேலே புடைக்கிறது. மெத்தையில் தையல் விழுந்த இடத்தில் நடப்பதும் இதுதான். ஆண்களுக்குப் பட்டைகள் குறுக்கும் நெடுக்குமாகப் பின்னிக் கிடப்பதால் கொழுப்பு மேலே தள்ள வழியில்லை. 1978-இல் நூர்ன்பெர்கர், முல்லர் என்ற இரு மருத்துவர்கள் இதை விரிவாக எழுதினார்கள். ஆண் ஹார்மோன் குறைவாக உள்ள ஆண்களுக்கும் இது வருவதுண்டு. ஆக, ஒல்லியானவருக்கும் வரும், ஓட்டக்காரருக்கும் வரும்.

இனி பயிற்சி. எந்த ஸ்குவாட்டும் அந்த நார்ப்பட்டையைத் தொடாது. குறிப்பிட்ட இடத்துக் கொழுப்பை மட்டும் பயிற்சியால் கரைப்பது என்பதும் நடக்கிற காரியமில்லை. 1971-இல் டென்னிஸ் வீரர்களின் இரு கைகளையும் அளந்து பார்த்தார்கள். மட்டை பிடிக்கும் கை பருத்திருந்தது, ஆனால் தோலுக்கடியிலுள்ள கொழுப்பு இரண்டு கையிலும் ஒரே தடிமன்தான். 1984-இல் இன்னோர் ஆய்வில் சிலரை 27 நாட்களில் 5,004 முறை வயிற்றுப் பயிற்சி செய்ய வைத்தார்கள். வயிறு, முதுகு, பிட்டம் மூன்றிலும் கொழுப்புச் செல்கள் ஏறத்தாழ ஒரே மாதிரிதான் சுருங்கின. பாடுபட்ட வயிற்றுக்குத் தனிச் சலுகை எதுவும் கிடைக்கவில்லை.

உங்கள் பயிற்சியாளர் நூறை இருநூறாக்கச் சொல்கிறாரே, அவருக்குக் கணக்கு மட்டும்தான் தெரிகிறது. எடையில்லாமல் நூறு முறை உட்கார்ந்து எழ முடிகிறது என்றால், உங்கள் தசைக்கு அது பழகிப்போன வேலை. இருநூறாக்கினால் தாக்குப்பிடிக்கும் திறன் கூடும், தசை பெரிதாக வளராது. தசை வளரப் பளு வேண்டும். பார்பெல்லோ டம்பெல்லோ எடுங்கள். எட்டு முதல் பன்னிரண்டு முறை செய்யும்போது கடைசி இரண்டும் திணற வைக்கும் அளவுக்கு எடை இருக்கட்டும். அப்படி மூன்று செட், வாரத்தில் இரண்டு நாள். ஸ்குவாட் மட்டும் போதாது. பிட்டத்துக்கும் தொடையின் பின்பக்கத்துக்கும் டெட்லிஃப்ட் (தரையிலிருந்து பளுவைத் தூக்கி நிமிர்வது), ஹிப் த்ரஸ்ட் (இடுப்பில் பளுவை வைத்து மேலே தள்ளுவது), லஞ்ச் (ஒரு காலை முன்னே வைத்து முழங்காலை மடக்கி இறங்குவது) மூன்றும் வேண்டும். எடை சுலபமாகத் தூக்க வருகிறபோது கொஞ்சம் ஏற்றுங்கள். முதல் சில வாரங்களில் கூடுகிற பலம் பெரும்பாலும் நரம்புகள் வேலையைக் கற்றுக்கொள்வதால் வருவது. கண்ணில் படும்படி தசை வளர மாதங்கள் ஆகும். அப்படி வளர்ந்தால் அடித்தளம் நிரம்பி மேலே தோல் கொஞ்சம் இழுபடும், குழிகள் ஓரளவு மட்டுப்படும். ஓரளவு என்றுதான் சொல்கிறேன். எத்தனை வாரம் என்று கேட்டால் சொல்ல மாட்டேன், சொல்கிறவர்களை நம்பவும் மாட்டேன்.

எடை குறைந்தும் சில இடங்களில் கூடியதுபோலத் தெரிவது உங்கள் கற்பனை இல்லை. எடை குறையும்போது பலருக்குக் குழிகள் மட்டுப்படுகின்றன. சிலருக்கு உள்ளே கொழுப்பு சுருங்கித் தோல் தளர்வதால் அவை இன்னும் எடுப்பாகத் தெரிகின்றன. உடலுக்குப் போதிய புரதமும், தூக்குவதற்குப் பளுவும் இல்லாமல் எடையைக் குறைத்தால், கொழுப்போடு தசையும் சேர்ந்து போகிறது.

கிரீம், பிரஷ், ரோலர் மூன்றையும் ஒரே பத்தியில் முடிக்கிறேன். பிரஷ்ஷால் தேய்த்தால் தோல் சிவந்து லேசாக வீங்கும், அந்த வீக்கம் வடியும்வரை குழி மறைந்திருக்கும். காபீன் கிரீமின் பலனும் ஏறக்குறைய அப்படித் தற்காலிகம்தான். வைட்டமின் ஏ வகையான ரெட்டினால் கலந்த கிரீமை மாதக்கணக்கில் தடவினால் தோலின் தடிமன் சிறிது கூடலாம், அதற்குமேல் எதிர்பார்க்க வேண்டாம். ரோலர் தசை இறுக்கத்தைத் தளர்த்த நல்லது, குழிகளுக்கு இல்லை.

இப்போது படங்கள்.

என் சித்தப்பா போட்டோ ஸ்டூடியோ வைத்திருந்தார். கறுப்பு வெள்ளைக் காலம். விடுமுறைகளில் விளக்கை நகர்த்துகிற வேலை எனக்கு. ஸ்டாண்டின் கழுத்தைப் பிடித்து, அவர் சொல்கிற இடத்துக்கு இழுத்துப் போக வேண்டும். அம்மைத் தழும்பு விழுந்த முகத்தோடு யாராவது வந்து உட்கார்ந்தால் அவர் எதுவும் சொல்ல மாட்டார், என்னைப் பார்த்துப் புருவத்தை மட்டும் உயர்த்துவார். நான் பக்கவாட்டு விளக்கைக் கேமராவின் அருகே கொண்டுவந்து வைப்பேன். அவ்வளவுதான். ஒவ்வொரு குழியின் விளிம்பிலும் பிறைபோலக் கிடந்த நிழல் போய்விடும். அதே முகம், அதே தழும்பு. பக்கத்திலிருந்து வருகிற வெளிச்சம் குழியில் நிழலைப் போடுகிறது, நேரே வருகிற வெளிச்சம் குழியை நிரப்பிவிடுகிறது. வயதான ஆண்கள் வந்தால் விளக்கு மறுபடி பக்கவாட்டுக்குப் போகும். அவர்களுக்குச் சுருக்கம் கம்பீரமாம். இந்த நியாயம் எனக்கு அன்றே பிடிக்கவில்லை.

அதையும் மீறித் தழும்பு தெரிந்தால் நெகட்டிவில் வேலை நடக்கும். சாய்வான மேசையில் பால் கண்ணாடிக்கு மேல் நெகட்டிவை வைப்பார், அடியிலிருந்து வெளிச்சம் ஏறிவரும். பென்சிலை உப்புத்தாளில் உரசி உரசி ஊசிமுனையாக்கிக்கொள்வார். முகத்திலுள்ள நிழல் நெகட்டிவில் தெளிந்த புள்ளியாகத் தெரியும். அந்தப் புள்ளியைப் பென்சிலால் தொட்டுத் தொட்டு மங்கலாக்கினால் அச்சில் அது வெளுத்துவிடும். ஒரு கன்னத்துக்கு அரை மணி நேரம்கூட ஆகும். அந்த வேலைக்கு ஒரு மரியாதை இருந்தது என்று இப்போதும் நினைக்கிறேன். பொய்தான், ஆனால் வந்தவர் கேட்டு வாங்கிப்போன பொய். இப்படிப் பயிற்சி செய்தால் உன் முகம் இதுபோலாகும் என்று அந்தப் படத்தைக் காட்டி சித்தப்பா யாரிடமும் காசு வாங்கியதில்லை.

இன்றைக்கு நடப்பது அது. அந்த முன்–பின் படங்களை மறுபடி எடுத்துப் பாருங்கள். தொடையை விடுங்கள், முதலில் நிழலைப் பாருங்கள். 'முன்' படத்தில் வெளிச்சம் தலைக்கு மேலிருந்து விழுகிறது. பிட்டத்துக்குக் கீழுள்ள மடிப்பில் நிழல் கறுத்துக் கிடக்கும். நின்றிருப்பவர் உடலைத் தளரவிட்டு, எடையை ஒரு காலில் போட்டிருப்பார். உள்ளாடையின் விளிம்பு தோலை அழுத்திக்கொண்டிருக்கும். 'பின்' படத்தில் ஜன்னலுக்கு நேரே நிற்கிறார். மடிப்பில் நிழலே இருக்காது. குதிகால் சற்று எழும்பி இருக்கும், தசை இறுகியிருக்கும், உள்ளாடை இடுப்புக்கு மேலே ஏற்றப்பட்டிருக்கும், தோலில் எண்ணெய் மினுங்கும். இரண்டு படத்துக்கும் நடுவே எட்டு வாரம் வேண்டியதில்லை, ஐந்து நிமிடம் போதும்.

நம்பிக்கை வரவில்லையென்றால் இன்றிரவு நீங்களே செய்து பாருங்கள். அறையை இருட்டாக்குங்கள். செல்பேசியின் டார்ச்சைத் தொடைக்கு ஒட்டினாற்போல, வெளிச்சம் தோலை உரசிக்கொண்டு போகும்படி பிடித்து ஒரு படம் எடுங்கள். பிறகு டார்ச்சை நேர் எதிரே பிடித்து இன்னொன்று. முதல் படத்தில் இல்லாத குழியெல்லாம் இருக்கும், இரண்டாவதில் இருக்கிற குழியும் இருக்காது. துணிக்கடைகளின் உடைமாற்றும் அறையில் விளக்கு எங்கே இருக்கிறது என்று அடுத்தமுறை கவனியுங்கள். பெரும்பாலும் உச்சந்தலைக்கு நேர்மேலே. உங்கள் ஜிம் கண்ணாடிக்கு மேலும் அப்படித்தான் இருக்கும் என்று பந்தயம் கட்டுகிறேன். ஐந்து மாதமாக அந்த விளக்கின் தீர்ப்பைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறீர்கள்.

ஒழுங்காகச் செய்யப்படும் மருத்துவ ஆய்வுகளில் விளக்கு, தூரம், நிற்கும் விதம் எல்லாவற்றையும் மாற்றாமல் வைத்துத்தான் படம் எடுப்பார்கள். வெளிச்சம் என்னவெல்லாம் செய்யும் என்பது அவர்களுக்குத் தெரியும். கடுமையை வகைப்படுத்துவதுகூட, நிற்கும்போது தெரிகிறதா, படுக்கும்போதும் தெரிகிறதா, கிள்ளினால் மட்டும்தான் தெரிகிறதா என்று பார்த்துத்தான். நிற்பதற்கும் படுப்பதற்கும் நடுவே மாறிவிடுகிற ஒன்றை வைத்து எட்டு வார அற்புதம் காட்டுவது எத்தனை எளிது!

ரூபன்ஸ் என்ற ஓவியர் 1630-களில் வரைந்த மூன்று பெண்களின் படம் மாட்ரிட் நகரின் பிராடோ அருங்காட்சியகத்தில் இருக்கிறது. மூவரும் ஆடையில்லாமல் நிற்கிறார்கள், தொடையிலும் பிட்டத்திலும் இந்தக் குழிகள். மறைக்க நினைத்திருந்தால் ஒரே தூரிகை வீச்சில் வழித்துவிட்டிருக்கலாம். அவர் மினக்கெட்டு ஒவ்வொரு குழிக்கும் நிழல் வைத்திருக்கிறார். உடலென்றால் அப்படித்தான் இருக்கும் என்பதற்குமேல் அதில் அவருக்குச் செய்தி இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை. 1968-இல்தான் வோக் என்ற ஃபேஷன் இதழ் இதைப் பெண்களின் புதிய பிரச்சினையாக அமெரிக்காவில் அறிமுகப்படுத்தியது. பிரச்சினை கிடைத்ததும் மருந்தும் விற்பனைக்கு வந்துகொண்டே இருக்கிறது. அந்த நார்ப்பட்டையையே கரைக்கும் ஊசிமருந்து ஒன்றுக்கு 2020-இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. ஊசி போட்ட இடம் கன்றிப்போவதும் நிறம் மாறுவதும் கவலையாகி, 2022-இன் இறுதியில் தயாரித்த நிறுவனமே அதை நிறுத்தியது. தோலுக்கடியில் ஊசியை விட்டுப் பட்டையை அறுத்துவிடும் சிகிச்சையும் உண்டு, சில குழிகளுக்குப் பலிக்கிறது. வேண்டுமென்றால் தோல் மருத்துவரிடம் கேளுங்கள். என்னிடம் கேட்காதீர்கள்.

ஒன்றை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். இரண்டு கால்களும் ஒரேபோலப் பருத்து, பாதம் மட்டும் பருக்காமல் இருந்து, தொட்டால் வலித்து, லேசாகப் பட்டாலே கன்றிப்போகிறது என்றால் அது லிப்பிடீமா என்ற கொழுப்புத் திசு நோயாக இருக்கலாம். அதைப் பயிற்சியாளரிடம் காட்டாதீர்கள், மருத்துவரிடம் காட்டுங்கள்.

இனித் திட்டப்போகிறேன். இரண்டு வருடம்! தினமும் நூறு ஸ்குவாட் என்று முதலில் எழுதி, எடையை எழுதி, கிரீமையும் ரோலரையும் எழுதிவிட்டு, கடைசியில் போகிறபோக்கில் நீச்சலை நிறுத்திவிட்டேன் என்கிறீர்கள். பிடித்த பயிற்சியை விட்டுவிட்டு, பிடிக்காத பயிற்சியை அபராதம்போலக் கட்டிக்கொண்டிருக்கிறீர்கள். எதற்கு? பெண்ணுடல் தொடையிலுள்ள கொழுப்பை அத்தனை சுலபத்தில் விட்டுக்கொடுக்காது, பால் கொடுக்கும் காலத்துக்கென்று சேமித்துவைத்திருக்கிறது. வயிற்றுக்குள் சேரும் கொழுப்பைப்போல அது இதயத்துக்குக் கேடு செய்வதுமில்லை. கேடில்லாத ஒன்று போகட்டும் என்று காத்திருந்து, நன்மையான ஒன்றை ஒதுக்கிவைத்திருக்கிறீர்கள். 'இது சரியானதும்' என்று நீங்கள் எழுதியிருக்கும் நாள் ஒருவேளை வராமலே போகலாம், வி. அப்போது நாற்பத்து நான்கிலும் கரையில்தான் நிற்பீர்களா?

பள்ளி நாட்களில் உங்களைவிட வேகமாக நீந்திய பெண்களை நினைத்துப் பாருங்கள். யாருடைய தொடை எப்படி இருந்தது என்று ஞாபகம் வருகிறதா? சுவரைத் தொட்டுத் திரும்பியபோது யார் எப்படித் திரும்பினார்கள் என்பது மட்டும் இன்னும் கண்ணில் நிற்கும். உங்களையும் யாரோ ஒருத்தி அப்படித்தான் நினைவில் வைத்திருப்பாள். அது உங்களுக்குத் தெரியவராது, அதனால்தான் நான் சொல்ல வேண்டியிருக்கிறது.

பெரியவர்களுக்கு வாரத்தில் 150 முதல் 300 நிமிடம் மிதமான உழைப்பும், இரண்டு நாளாவது தசைக்கான பயிற்சியும் வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். இரண்டு நாள் பளு, மூன்று நாள் நீச்சல் என்று வைத்துக்கொண்டால் கணக்குச் சரியாக வரும். பயிற்சியாளரிடம் இருநூறு முடியாது என்று சொல்லிவிடுங்கள், காரணம் கேட்டால் இந்தப் பதிலைக் காட்டுங்கள். இந்த வாரமே போங்கள். முதல் நாளே பழைய வேகத்தில் போய் மூச்சுத் திணறாதீர்கள், பாதித் தூரம் போதும். இரண்டு வருடம் சும்மா இருந்த தோள்தான் மறுநாள் வலிக்கும், தொடையில்லை.