பர்டாக் வேரில் என்னென்ன வேதிப்பொருட்கள் உள்ளன? சமைத்தால் அவை வீணாகிவிடுமா?

ஜப்பானியர் 'கோபோ' என்ற பெயரில் சமைக்கும் நீண்ட வேர்தான் இது. இதில் முக்கியமானவை இரண்டு: இனுலின் என்ற நார்ச்சத்து, குளோரோஜெனிக் அமிலம் என்ற பாலிஃபீனால் (தாவரங்களில் உள்ள ஒரு வகை ஆக்சிஜனேற்றத் தடுப்புப் பொருள்). இரண்டுமே தண்ணீரில் கரையும். ஆகவே சூட்டைவிட, ஊறவைத்தும் வேகவைத்தும் கொட்டும் தண்ணீரில்தான் இழப்பு அதிகம்.

உருளைக்கிழங்கு மாவுச்சத்தைச் சேமிக்கிறது. பர்டாக் ஃப்ரக்டோஸைச் சங்கிலியாகக் கோத்து இனுலினாகச் சேமிக்கிறது. அந்தச் சங்கிலியை அறுக்கும் நொதி நம் சிறுகுடலில் கிடையாது. எனவே அது பெருங்குடல் வரை போய் அங்குள்ள பாக்டீரியாக்களுக்கு உணவாகிறது. மலம் இளகுவதும் இதனால்தான், வயிறு உப்பிக் காற்றுப் பிரிவதும் இதனால்தான். பச்சை வேர் 100 கிராமில் மொத்த நார்ச்சத்து ஏறக்குறைய 5.7 கிராம். பழக்கமில்லாதவர்கள் 30–40 கிராம் வேரில் தொடங்குங்கள். நாள்கணக்கில் குளிர்பெட்டியில் வைத்தால் இனுலின் சிதைந்து ஃப்ரக்டோஸ் கூடும், வேர் இனிக்கத் தொடங்கும். நார்ச்சத்துக்காக வாங்குபவர்கள் சீக்கிரம் சமைத்துவிடுவது நல்லது.

வெட்டிய சில நிமிடங்களில் கருப்பதற்குக் குளோரோஜெனிக் அமிலமே காரணம். கத்தி பட்டுச் செல்கள் உடைந்ததும் பாலிஃபீனால் ஆக்சிடேஸ் என்ற நொதி காற்றின் துணையோடு அதைப் பழுப்பு நிறமியாக மாற்றுகிறது. வாழைக்காய் கருப்பதும் இதே வகை வினைதான். 1 லிட்டர் தண்ணீரில் 1 மேசைக்கரண்டி வினிகர் கலந்து, வெட்ட வெட்ட அதில் போடுங்கள். அமிலத்தில் நொதி மந்தமாகிவிடும். 5 நிமிடம் போதும். மணிக்கணக்கில் ஊறவைத்தால் தண்ணீர் பழுப்பாகும். பலர் அதை அழுக்கு என்று நினைத்து மாற்றி மாற்றிக் கொட்டுகிறார்கள். போவது அழுக்கல்ல, நீங்கள் தேடி வாங்கிய பாலிஃபீனால். தோலை ஒட்டிய பகுதியில் அது அதிகம் என்பதால் பீலரால் சீவாமல், கத்தியின் முதுகால் லேசாகச் சுரண்டினாலே போதும். மெல்லியதாகச் சீவிக் கொஞ்சம் எண்ணெயில் வதக்கினால் இழப்பு குறைவு. சூப் வைத்தால் அந்த நீரையும் சேர்த்துக் குடித்துவிடுங்கள்.

இரும்புச் சட்டியில் கருத்துப்போனால் பயப்பட வேண்டாம், பாலிஃபீனால் இரும்போடு சேர்ந்த நிறம் அது. சமையல் சோடா போட்டால் பச்சை நிறமாக மாறலாம். காரத்தன்மையில் குளோரோஜெனிக் அமிலமும் அமினோ அமிலங்களும் வினைபுரிவதன் விளைவு அது. கெட்டுப்போனதன் அடையாளம் இல்லை.

விளம்பரங்களில் வரும் ஆர்க்டிஜெனின் என்ற இன்னொரு பர்டாக் வேதிப்பொருள் பற்றி: அதுவும் அதன் மூலப்பொருளான ஆர்க்டினும் விதையில்தான் செறிவாக உள்ளன, வேரில் மிகக் குறைவு. விதைச்சாற்றை வைத்து ஆய்வகச் செல்களில் கண்ட பலனை வேர்ப்பொரியலுக்கு ஏற்றிச் சொல்வது தவறு. சர்க்கரை மாத்திரையை நிறுத்திவிட்டு இந்த வேரை நம்புவது ஆபத்து.

சாமந்திக் குடும்பச் செடிகள் ஒத்துக்கொள்ளாதவர்கள் இதைத் தவிர்க்கவும். அதைவிடப் பெரிய ஆபத்து ஆள்மாறாட்டம். 1970களில் அமெரிக்காவில் 'பர்டாக் வேர்த் தேநீர்' குடித்தவர்களுக்கு அட்ரோபின் நஞ்சு ஏறியது. பர்டாக்கில் அட்ரோபின் கிடையாது, வேறு நச்சுச் செடி கலந்திருந்ததே காரணம். ஜப்பானில் ஊமத்தை வேரைக் கோபோ என்று நினைத்துச் சமைத்து நஞ்சேறிய சம்பவங்களும் உண்டு. வேகவைத்தாலும் அந்த நஞ்சு போகாது. தோட்டத்தில் தோண்டி எடுக்காமல் காய்கறியாக விற்கும் முழு வேரையே வாங்குங்கள். சாப்பிட்ட பின் வாய் வறண்டு, கண்மணி விரிந்து, பிதற்றல் வந்தால் மிச்ச வேரையும் எடுத்துக்கொண்டு உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.