அப்பாவுக்கு மூன்றே நாளில் வந்த குழப்பம்

அப்பாவை இன்றைக்கே மருத்துவரிடம் கூட்டிப்போங்கள். மற்றதை அப்புறம் நிதானமாகப் படித்துக்கொள்ளலாம்.

81 வயதுக்காரர். இடுப்பு எலும்பு ஆபரேஷனுக்குப் பிறகு ஐந்து மாதமாக வீட்டில் வைத்துக் கவனிக்கிறீர்கள். போன வாரம் வரை பேப்பர் படித்தவர், மூன்று நாளாகச் சாயங்காலமானால் உங்களையே “நீங்க யாரு?” என்று கேட்கிறார். காலையில் ஓரளவு தெளிவு, பகலெல்லாம் தூக்கம். பெட்ஷீட்டை விரலால் கிள்ளிக் கிள்ளி இழுத்துக்கொண்டே இருக்கிறார் என்று ஹோம் நர்ஸ் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். அந்தப் பெண்ணுக்கு நன்றி சொல்லுங்கள். இவ்வளவு நீளமான கடிதத்தில் எனக்கு வேண்டிய தகவல் அந்த ஒரு வரியில்தான் இருந்தது.

இணையத்தில் தேடிவிட்டு டிமென்ஷியா என்கிற மறதி நோய் என்று நீங்களே முடிவு கட்டிவிட்டீர்கள். இனி வீட்டில் பார்க்க முடியாதோ, முதியோர் இல்லத்தில் சேர்க்க வேண்டிவருமோ என்று பயப்படுகிறீர்கள். டிமென்ஷியா பெரும்பாலும் மாதக்கணக்கில், வருடக்கணக்கில் மெல்ல மெல்ல வரும். மூன்று நாளில் ஆள் மாறிப்போனால் முதலில் சந்தேகப்பட வேண்டியது டெலிரியம் என்கிற திடீர் மனக்குழப்பத்தை. பெட்ஷீட்டைக் கிள்ளிக்கொண்டே இருப்பதும் அதன் அடையாளம்தான். உடம்பில் வேறெங்கோ கோளாறு இருக்கும், மூளை அதைக் காட்டிக்கொடுக்கும். நுரையீரலில் சளி கட்டியிருக்கலாம். தண்ணீர் போதாமல் இருக்கலாம். ரத்தத்தில் சோடியம் குறைந்திருக்கலாம். மலச்சிக்கல்கூடக் காரணமாகலாம். “காய்ச்சல் இல்லையே” என்று கேட்டிருக்கிறீர்கள். இந்த வயதில் கிருமித்தொற்று இருந்தும் காய்ச்சல் வராமல் போவது சகஜம்.

நான் பார்த்த ஒரு பாட்டி நினைவுக்கு வருகிறார். இரண்டு நாளாகப் பிதற்றல், கட்டிலை விட்டு இறங்கிவிடுவார். டயாப்பர் நனைந்துகொண்டே இருந்ததால் சிறுநீர் நன்றாகப் போகிறது என்று வீட்டில் நினைத்திருந்தார்கள். அடிவயிற்றில் கை வைத்தால் கல் மாதிரி இருந்தது. நிரம்பிய சிறுநீர்ப்பை வழிந்துதான் டயாப்பர் நனைந்திருக்கிறது. சிறுநீரை வெளியேற்றும் குழாயான கதீட்டரைப் போட்டதும் ஒரு லிட்டருக்குப் பக்கமாக வந்தது. மறுநாள் காலையில் கண்ணாடியை எங்கே என்று கேட்டார்.

கத்துபவரை உடனே கூட்டிவருகிறார்கள். உங்கள் அப்பா மாதிரி சுருண்டு படுத்துத் தூங்குபவரை, “வயசாச்சு, அசதி” என்று விட்டுவிடுகிறார்கள். இந்த அமைதியான டெலிரியம்தான் கண்ணில் படாமல் தப்பிவிடுகிறது.

அடுத்து அந்தத் தூக்க மாத்திரை. உறவினர் வீட்டில் மிச்சமிருந்ததை மூன்று இரவு கொடுத்தேன் என்று சாதாரணமாக எழுதியிருக்கிறீர்கள். எனக்குக் கோபம் வருகிறது. குழப்பத்தை அதிகமாக்கி, அவரைக் கீழே விழ வைத்து, இன்னொரு எலும்பையும் முறிக்கக்கூடிய மருந்து அது. மார்க் பியர்ஸ் என்ற அமெரிக்க மருத்துவர் 1991லேயே முதியோர் இல்லங்களில் இருப்பவர்களுக்கு ஒத்துக்கொள்ளாத மருந்துகளைப் பட்டியலிட்டார். அந்தப் பட்டியல் இன்றும் புதுப்பிக்கப்படுகிறது, இந்த வகைத் தூக்க மாத்திரைகள் அதில் இருக்கின்றன. சளிக்கும் அரிப்புக்கும் கடையில் வாங்கும் தூக்கம் வரவழைக்கும் மாத்திரைகளும் அதில் உண்டு. இனி ஒன்றுகூடக் கொடுக்காதீர்கள். (மாதக்கணக்கில் சாப்பிட்டு வருபவர்கள் தாங்களாகச் சட்டென்று நிறுத்தக் கூடாது. அது வேறு ஆபத்து.)

சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறவர் என்பதால், குளுக்கோமீட்டர் இருந்தால் இப்போதே பாருங்கள். 70க்குக் கீழே இருந்து, அவர் விழித்திருந்து விழுங்கவும் முடிந்தால், சர்க்கரை கரைத்த தண்ணீர் கொடுத்துவிட்டுக் கிளம்புங்கள். எழுப்பியும் சரியாக எழாவிட்டால், மூச்சு வாங்கினால், முகமோ கையோ ஒரு பக்கம் தொய்ந்தால், பேச்சு குழறினால், கீழே விழுந்து தலையில் அடிபட்டிருந்தால் ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள்.

போகும்போது எல்லா மாத்திரை அட்டைகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துப்போங்கள், அந்தத் தூக்க மாத்திரை உட்பட. முடிந்தால் ஹோம் நர்ஸும் உடன் வரட்டும். கடைசியாக எப்போது மலம் போனார், எவ்வளவு குடித்தார் என்பது அவருக்குத்தான் தெரியும். இன்னொன்று, சிறுநீரில் கிருமி என்று ரிப்போர்ட் வந்தால் அதோடு தேடலை நிறுத்திவிட வேண்டாம் என்று கேளுங்கள். இந்த வயதில் எந்தத் தொந்தரவும் தராமலே பலருக்குச் சிறுநீரில் கிருமி இருக்கும்.

நீங்கள் எழுதியிருக்கும் வறண்ட தோல், தடித்த கால் நகம், குறட்டை எல்லாம் காத்திருக்கும். விட்டுவிடுங்கள்.

காரணத்தைச் சரிசெய்த பிறகும் தெளிவு திரும்பச் சில நாள் ஆகும், சிலருக்கு வாரங்கள் ஆகும். அதுவரை கண்ணாடியும் காது மெஷினும் அவர் போட்டிருக்கட்டும். பகலில் ஜன்னலைத் திறந்து வையுங்கள். “நீங்க யாரு?” என்று கேட்டால் வாதாடாமல் பெயரைச் சொல்லி, உங்கள் பெண் என்று சொல்லுங்கள், பத்து முறை கேட்டாலும். வீடா இல்லமா என்ற முடிவு இந்த வாரம் வேண்டாம். அவர் தெளிந்த பிறகு அவரையும் உட்கார வைத்துக்கொண்டு பேசுங்கள்.